ஆறு மாதம் மட்டும் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாமா?

கேள்வி: குடவாசல் வாசகர், 26 மே 2025

எம்.ஏ. ஆங்கிலம் முடித்து ஓராண்டு ஆகிறது. பி.எட். படிக்கவில்லை; பள்ளியில் வகுப்பு எடுத்த அனுபவமும் இல்லை. ஆறேழு மாதம் வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பித்துவிட்டுத் திரும்பி, அதன்பிறகு பி.எட். சேரலாம் என்று எண்ணுகிறேன். ஆங்கிலம் தெரிந்தவருக்கு எந்த நாட்டிலும் வேலை உண்டு, 120 மணி நேர இணையவழிச் சான்றிதழ் ஒன்று இருந்தால் போதும் என்று மன்னார்குடியில் ஒரு முகவர் சொல்கிறார். நம்பலாமா?

26 மே, இரவு

சான்றிதழைப் பற்றி அவர் சொன்னதில் பாதி சரி. "எந்த நாட்டிலும்" என்பதில் கால்வாசிகூடச் சரியில்லை. இந்த வேலையில் முதலில் பார்க்கப்படுவது உங்கள் ஆங்கிலம் அன்று, உங்கள் பாஸ்போர்ட். தென்கொரியா ஆங்கில ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசா அமெரிக்கா, கனடா, பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டவருக்கானது. 2010-இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தின் வழியாக நமக்கும் ஒரு சிறு வாசல் உண்டு என்றாலும், ஆசிரியர் தகுதிச் சான்று வைத்திருப்பவர் துணை ஆசிரியராகச் செல்வதற்கான வாசல் அது, பி.எட். இல்லாதவருக்கு அது பயன்படாது. சீனாவிலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட நாட்டவர் என்றொரு பட்டியல் உண்டு, அதில் நாம் இல்லை. நம் நாட்டில் நீதிமன்றமும் பல்கலைக்கழகமும் ஆங்கிலத்தில் நடக்கின்றன என்று வாதாடிப் பயனில்லை. விசா அலுவலர் நம் வாதத்தைக் கேட்பதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

ஆகவே எந்தச் சான்றிதழ் என்ற கேள்வியைத் தள்ளி வைத்துவிட்டு, நம் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, முன் அனுபவம் இல்லாமல், சட்டப்படி, சம்பளத்தோடு, ஓராண்டுக்கும் குறைவாக வேலை தரும் நாடு எது என்று கேளுங்கள். இந்த ஐந்தும் ஒன்றுசேரும் இடங்கள் மிகச் சில.

27 மே

ஜப்பானைப் பற்றி இன்று இருவர் கேட்டிருக்கிறார்கள். வெளிநாட்டவரைப் பள்ளிகளுக்கு மொழி உதவி ஆசிரியராக அழைத்து 1987 முதல் ஜப்பான் அரசு நடத்தும் ஜெட் திட்டத்துக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும், முன் அனுபவம் கட்டாயமில்லை. ஆனால் ஒப்பந்தம் ஓராண்டுக்கானது. தனியார் நிறுவனங்கள் வழியாகப் பள்ளிக்குப் போகிறவர்களுக்குத் தரப்படும் பயிற்றுநர் விசாவில் ஒரு நிபந்தனை இருக்கிறது: எந்த மொழியைக் கற்பிக்கப் போகிறீர்களோ அந்த மொழியின் வழியாகப் பன்னிரண்டு ஆண்டுகளாவது கல்வி பெற்றிருக்க வேண்டும்.

நம் பகுதியில் இந்த நிபந்தனை எத்தனை பேரை வெளியே நிறுத்தும் என்று எண்ணிப் பாருங்கள். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை தமிழ்வழி, அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ வரை தமிழ்வழி, கல்லூரியில் மட்டும் ஆங்கிலம் என்பதுதான் நம்மில் பெரும்பாலோரின் கணக்கு. தமிழ்வழியில் படித்ததற்கான சான்றிதழைக் காட்டினால் தமிழக அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு கிடைக்கிறது. அதே சான்றிதழ் ஜப்பானியக் குடிவரவு அலுவலகத்தில் நமக்கு எதிரான ஆவணமாகிவிடுகிறது. தமிழ்வழி என்றால் டி.என்.பி.எஸ்.சி., ஆங்கிலவழி என்றால் ஜப்பான் என்று கடவுளே பிரித்து வைத்திருக்கிறார் போலும்.

30 மே

எல்லாக் கதவையும் சாத்திக்கொண்டே போகிறீர்களே, திறந்திருப்பதைச் சொல்லுங்கள் என்று குடவாசல்காரர் கேட்பது நியாயம். நான் போனது தாய்லாந்து. அதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

தாய்லாந்தின் பள்ளி ஆண்டு இரண்டு பருவங்களாக ஓடுகிறது. மே மாத நடுவில் தொடங்கும் முதற் பருவம் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ முடிகிறது. நவம்பரில் தொடங்கும் இரண்டாம் பருவம் மார்ச் தொடக்கத்தில் முடிகிறது. ஒரு பருவத்துக்கு மட்டும் ஆள் தேடும் பள்ளிகள் உண்மையாகவே உண்டு, ஏனெனில் நடுவில் விட்டுப் போகிற ஆசிரியர்கள் அங்கே ஏராளம். தேவைப்படுபவை ஏதேனும் ஒரு பட்டம், காவல் துறையின் நன்னடத்தைச் சான்று, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத நாட்டவர் என்பதால் ஒரு தேர்வு மதிப்பெண் ஆகியன. டோயிக் என்னும் தேர்வில் 990-க்கு 600 என்பது வழக்கமாகக் கேட்கப்படும் அளவு, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதியிருந்தால் அதையும் ஏற்கிறார்கள். எம்.ஏ. ஆங்கிலம் படித்தவரைத் தேர்வு எழுதச் சொல்கிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம். ஆங்கிலம் தாய்மொழி என்ற பட்டியலில் உள்ள நாட்டவர் எந்தப் பாடத்தில் பட்டம் வாங்கியிருந்தாலும் அவரிடம் அந்தத் தேர்வைக் கேட்க மாட்டார்கள், நம்மிடம் கேட்பார்கள். எழுதிவிட்டுப் போக வேண்டியதுதான்.

பள்ளி ஆசிரியருக்கு அங்குள்ள ஆசிரியர் மன்றத்தின் உரிமமும் வேண்டும். பி.எட். இல்லாதவருக்கு அதிலிருந்து தற்காலிக விலக்கு வாங்கித் தருவது பள்ளியின் வேலை. தனியார் மொழிப் பயிற்சி மையங்களுக்கு இந்த உரிமம் தேவையில்லை. பணி உரிமச் சீட்டு மட்டும் எங்கே வேலை செய்தாலும் கட்டாயம்.

2 ஜூன்

வகுப்பறை எப்படி இருந்தது என்று நீடாமங்கலத்துக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் முகவர்களும் விளம்பரங்களும் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை.

நான் போனது 2022-ஆம் ஆண்டின் இரண்டாம் பருவத்துக்கு. வடகிழக்குத் தாய்லாந்தில் ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளி. விசா தாமதமானதால் பருவம் தொடங்கிய பிறகே போய்ச் சேர்ந்தேன். அந்தப் பகுதி முழுக்க நெல் வயல். நவம்பர் அங்கே அறுவடைக் காலம் என்பதால், அறுப்புக்குப் போன பெற்றோருடன் சில பிள்ளைகளும் வயலுக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் இடங்கள் காலியாகக் கிடக்கும். அதே நாட்களில்தான் சீர்காழியில் ஒரே இரவில் 43 சென்டிமீட்டர் மழை கொட்டிச் சம்பா மூழ்கியது. எங்கள் வயலின் நிலையை அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டுவிட்டு வெளியே வந்தால், இங்கே வெயிலில் கதிர் காய்ந்துகொண்டிருக்கும். காலை எட்டு மணிக்கு நாட்டுப்பண், பிள்ளைகள் காலணியைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு வகுப்புக்குள் நுழைவது, ஆசிரியரைக் கைகூப்பி வணங்குவது என்று எதுவும் நமக்கு அந்நியமாகத் தோன்றாது.

அந்நியமாக இருந்தது கற்பித்தல்தான். நாமெல்லாம் ஆங்கிலத்தைத் தமிழ் வழியாகக் கற்றவர்கள். பாடத்தைப் படித்து, சொல்லுக்குச் சொல் பொருள் சொல்லி, வினா-விடையை எழுத வைத்து, ஒப்பிக்கச் சொல்லும் முறையில் வளர்ந்தவர்கள். போவதற்கு முன்பு இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலை வகுப்பு எடுத்தபோதும், பிள்ளைக்கு ஒன்று புரியவில்லை என்றால் தமிழில் சொல்லிவிடலாம் என்ற தைரியம் எனக்கு இருந்தது. தாய்லாந்தில் அந்த ஊன்றுகோல் முதல் நாளே பறிபோகிறது. நமக்கு அவர்கள் மொழி தெரியாது, அவர்களுக்கு நம் மொழியும் தெரியாது, நடுவில் இருக்கும் ஆங்கிலமோ இன்னும் கற்பிக்கப்படவே இல்லை. நாற்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் பணிவாக நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கேள்வி கேட்டால் சிரிப்பார்கள். புரிந்ததா என்று கேட்டால், புரிந்தாலும் புரியாவிட்டாலும் "யெஸ், டீச்சர்" என்று ஒரே குரலில் சொல்வார்கள்.

இந்த நிலையில் இலக்கணம் எதற்கும் உதவாது. ஒரு மணி நேரத்துக்கு ஐந்தாறு சொற்கள், ஒரே ஒரு வாக்கிய அமைப்பு, அதைப் பத்து விதமாகச் சொல்ல வைக்கும் விளையாட்டுகள் என்று பாடத்தைச் சுருக்க வேண்டியிருக்கிறது. கரும்பலகையில் கத்தரிக்காயும் மீனும் வரைந்து கடைக்காரர், வாங்க வருபவர் என்று இருவரை நிறுத்திவிட்டால், "எவ்வளவு", "இரண்டு கொடுங்கள்" என்பவை தாமாக வந்துவிடும். படம் வரையத் தெரிந்தவருக்கு இந்த வேலை பாதி எளிது. எம்.ஏ.யில் படித்த மில்டனை நான் அங்கே ஒரு நாளும் தொடவில்லை.

எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்ப எடுக்க நேரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை சொதப்பிய பாடம் வெள்ளிக்கிழமை நன்றாக வந்துவிடும். புதியவருக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை. திங்கட்கிழமைப் பிள்ளைகள்தாம் பாவம்.

3 ஜூன்

சைவம் சாப்பிடுபவர் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். கடினம். கீரை வதக்கலிலும் மீன் சாறு ஊற்றியிருப்பார்கள். சமைக்கத் தெரிந்துகொண்டு போங்கள்; புளியும் மிளகாயும் அங்கேயே கிடைக்கும், துவரம்பருப்புதான் சிற்றூரில் கிடைக்காது.

9 ஜூன்

ஆவணங்கள். இதில் நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு என்பதால் தனியாக எழுதுகிறேன்.

நம் பட்டச் சான்றிதழில் பெயரும் ஓர் எழுத்துத் தலைப்பும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அந்தத் தலைப்பெழுத்து விரிந்து தந்தையின் முழுப் பெயராகிக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால், பட்டத்தில் பின்னால், ஆதாரில் வேறு விதமாக. நமக்கு இது ஒரே ஆள். அயல்நாட்டு அலுவலருக்கோ இவர்கள் மூன்று பேர். அதோடு பள்ளியில் உங்களை அப்பா பெயரைச் சொல்லித்தான் அழைப்பார்கள். என் தந்தை நாற்பது ஆண்டு வயலில் நின்றும் அடையாத ஆசிரியர் பட்டத்தைத் தாய்லாந்துப் பிள்ளைகள் ஒரே பருவத்தில் அவருக்குத் தந்துவிட்டார்கள். நோட்டரி வழக்கறிஞரிடம் இந்தப் பெயர்கள் அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்ற உறுதிமொழிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புரொவிஷனல் சான்றிதழை வைத்துக்கொண்டு விண்ணப்பிக்க வேண்டாம். பட்டமளிப்புச் சான்றிதழ்தான் கேட்கப்படும். பாரதிதாசன் பல்கலைக்கழகப் பட்டமாக இருந்தால், விழாவுக்கு நேரில் போகாவிட்டாலும் பணம் கட்டிப் பெற்றுவிடலாம். நன்னடத்தைச் சான்றுக்குப் பாஸ்போர்ட் சேவை இணையதளத்தில் 500 ரூபாய் கட்டி நாள் குறித்துக்கொண்டு, தஞ்சாவூர் சேவை மையத்துக்குப் போனால் போதும். எந்த நாட்டுக்கு என்று குறிப்பிட்டே அந்தச் சான்று தரப்படும் என்பதால், நாடு முடிவாவதற்கு முன் வாங்கிப் பயனில்லை.

பட்டத்தின் மீது சான்றொப்பம் வாங்குவதில் நாட்டுக்கு நாடு முறை மாறும். ஒரு நாட்டின் ஆவண முத்திரையை மற்ற உறுப்பு நாடுகள் ஏற்கும் அப்போஸ்டில் உடன்படிக்கையில் இந்தியா 2005-இல் சேர்ந்தது. பிரான்ஸ், ஜப்பான், கொரியா போன்ற உறுப்பு நாடுகளுக்கு மாநில உயர்கல்வித் துறையின் சான்றுக்குப் பின் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை போதும். தாய்லாந்து அந்த உடன்படிக்கையில் இல்லை. அங்கே தூதரகச் சான்றொப்பம் கேட்கலாம். சில பள்ளிகள் பல்கலைக்கழகத்துக்கே எழுதி விசாரித்துக்கொள்கின்றன. அப்போஸ்டிலுக்கான அரசுக் கட்டணம் ஓர் ஆவணத்துக்கு 50 ரூபாய்தான். அதற்கு எட்டாயிரம் கேட்பவரிடம் மீதி 7,950 எதற்கு என்று கேளுங்கள்.

14 ஜூன்

தஞ்சாவூர் வாசகர் ஒருவர், எந்தச் சான்றிதழானாலும் 120 மணி நேரம் என்று போட்டிருந்தால் எல்லாம் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறார். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவதற்கு ஒன்றுதான்; வகுப்பில் நிற்பதற்கு ஒன்றல்ல. கேம்பிரிட்ஜ் நிறுவனம் தரும் செல்ட்டா என்னும் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழிலும் ஏறத்தாழ 120 மணி நேரம்தான், ஆனால் அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று பாடம் நடத்த வேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுப்பார். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் இணையவழிச் சான்றிதழில் ஒரு மாணவரின் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டீர்கள். செல்ட்டாவுக்குக் கட்டணம் ஒரு லட்சத்தைத் தாண்டும் என்பதால், ஆறு மாத வேலைக்காக அதைச் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு பருவச் சம்பளத்தின் மிச்சம் அப்படியே அதற்குப் போய்விடும்.

என் பரிந்துரை மலிவானது. மலிவான இணையச் சான்றிதழை வாங்கிக்கொள்ளுங்கள், அது படிவத்துக்கு. அனுபவத்துக்கு உங்கள் ஊரிலேயே வகுப்பு எடுங்கள். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலர்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை தந்தார்கள். தொகையைவிட, நேர்காணலில் சொல்வதற்கு ஓர் அனுபவமும் காட்டுவதற்கு ஒரு சான்றும் எனக்கு அதிலிருந்து கிடைத்தன. அப்படி எதுவும் கிடைக்காவிட்டால் தெருப் பிள்ளைகள் பத்துப் பேரைத் திண்ணையில் உட்கார வைத்து, ஒரு மணி நேரம் தமிழே பேசாமல் ஆங்கிலம் கற்பித்துப் பாருங்கள். பதினைந்தாவது நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியார் ஆங்கிலப் பேச்சால் வெள்ளிநா படைத்தவர் என்று பெயர் வாங்கியதை ஒருவர் நினைவுபடுத்தி, நம் மண்ணுக்கு ஆங்கிலம் புதிதா என்று கேட்டிருக்கிறார். புதிதன்று. ஆனால் அவர் பேசியது ஆங்கிலம் தெரிந்த அவையில். ஆறு வயதுத் தாய்லாந்துப் பிள்ளைகளிடம் அவர் என்ன செய்திருப்பார் என்பதைப் பார்க்க எனக்கு ஆசை.

22 ஜூன்

மேட்டூர் திறந்து பத்து நாளாகிறது, குறுவை நடவு வேலையில் இங்கே வர முடியவில்லை. அதற்குள் கூத்தாநல்லூர் பக்கத்திலிருந்து ஒருவர் தமக்கு வாட்ஸ்அப்பில் வந்த விளம்பரத்தைப் பகிர்ந்திருக்கிறார்: தாய்லாந்தில் ஆங்கில ஆசிரியர் வேலை, மாதம் ஒரு லட்சம் ரூபாய், நேர்காணல் இல்லை, விமானச் சீட்டு இலவசம், பணியிடம் மே சோட்.

போகாதீர்கள். மே சோட் தாய்லாந்தின் எல்லை நகரம். ஆற்றைக் கடந்தால் மியான்மரின் மியாவாடி. கணினி வேலை, மொழிபெயர்ப்பு வேலை என்று அழைத்துப் போகப்பட்ட இளைஞர்கள் இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டது அங்கேதான். 2022-இலேயே தமிழ்நாட்டு இளைஞர்கள் அங்கிருந்து மீட்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்கள் மே சோட்டிலிருந்து விமானப்படை விமானங்களில் திரும்பி வந்தார்கள். ஆங்கிலத்தில் நன்றாகத் தட்டச்சு செய்யத் தெரிந்தவர்தாம் அந்தக் கூடங்களுக்குத் தேவை, எம்.ஏ. ஆங்கிலம் அவர்களுக்கு உகந்த தகுதி.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் எழுதிவிடுகிறேன். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் பதிவு பெற்ற முகவராக இருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவரிடம் அவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் அதன் மீதான ஜி.எஸ்.டி.யும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் இருக்கிறது. தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றைச் சென்னையில் நடத்துகிறது.

பத்தாம் வகுப்பு தேறியவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வுச் சோதனை கிடையாது என்பதை நாம் பெருமையாக எண்ணுகிறோம். படிக்காத கட்டடத் தொழிலாளி வளைகுடாவுக்குப் போகும்போது அவருடைய ஒப்பந்தத்தை அரசு ஒருமுறை பார்க்கிறது, எம்.ஏ. படித்தவர் போகும்போது யாரும் பார்ப்பதில்லை. மோசடிக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

23 ஜூன்

நேற்று எழுதியதில் ஒன்றைச் சரியான அளவில் வைக்க வேண்டும். மே சோட் என்றாலே மோசடி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மியான்மரிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளிகள் அந்த நகரில் பல இருக்கின்றன, அங்கே ஆங்கிலம் கற்பிக்க உண்மையான தன்னார்வலர்கள் போகிறார்கள். ஆனால் அந்தப் பள்ளிகளில் எதுவும் மாதம் ஒரு லட்சம் தராது. சம்பளம் குறைவாக இருப்பதுதான் அங்கே நம்பத்தகுந்த அடையாளம்.

தங்குமிடமும் சாப்பாடும் மட்டும் கொடுத்துத் தன்னார்வலராக அழைக்கும் இடங்களைப் பற்றியும் கேட்டிருந்தார்கள். சம்பளம் வாங்காவிட்டாலும் தாய்லாந்துச் சட்டத்தின் பார்வையில் அது வேலைதான். பணி உரிமம் வேண்டும். பணம் கட்டித் தன்னார்வலராகப் போகும் திட்டங்களைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. சொந்தக் காசைச் செலவழித்துக் கூலி வேலைக்குப் போகும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் வரவில்லை.

5 ஜூலை

இந்த இழையிலேயே மிகவும் பயனுள்ள குறிப்பைக் காரைக்கால்காரர் ஒருவர் நேற்று எழுதினார். பலர் கவனிக்காமல் தாண்டிவிட்டதால் விரித்து எழுதுகிறேன். பிரான்ஸ் அரசுப் பள்ளிகளில் ஆங்கில மொழி உதவியாளராகப் பணிபுரியும் திட்டத்தில் இந்தியர்களும் விண்ணப்பிக்கலாம். அக்டோபர் முதல் ஏப்ரல் வரை ஏழு மாதம், வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் வகுப்பு. முறையான விசா, அரசு தரும் உதவித்தொகை, முகவர் யாரும் நடுவில் இல்லை. பி.எட். கேட்பதில்லை. முதல் நாள் நான் சொன்ன ஐந்து நிபந்தனைகளும் ஒருசேரப் பொருந்துவதில் எனக்குத் தெரிந்து இதற்கு இணையில்லை.

தடை ஒன்றுதான்: பிரெஞ்சு மொழியில் பி1 நிலை, அதாவது அன்றாடப் பேச்சுக்குப் போதுமான இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். நம் மாவட்டங்களில் மதிப்பெண்ணுக்காகப் பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். அவர்களில் யாரையாவது பிரெஞ்சில் குடிக்கத் தண்ணீர் கேட்கச் சொல்லிப் பாருங்கள்; தாகத்தோடு திரும்பி வருவார்கள். சென்னையிலோ புதுச்சேரியிலோ அலியான்ஸ் பிரான்சேஸ் என்னும் பிரெஞ்சு மொழி நிலையத்தில் முறையாகப் படித்து டெல்ஃப் தேர்வில் பி1 முடிக்க, தொடக்க நிலையிலிருந்து வருபவருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். குடவாசல்காரருக்கு இந்த ஆண்டு இது உதவாது. கல்லூரி முதலாண்டில் இருக்கும் தம்பி தங்கைகள் இன்றே தொடங்கினால் பட்டம் முடிக்கும்போது கையில் இருக்கும்.

12 ஜூலை

மாலத்தீவு: தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் போகிற இடம், பள்ளிக் கல்வி ஆங்கிலவழி. ஆனால் பெரும்பாலும் பி.எட். கேட்கிறார்கள், ஒப்பந்தம் ஓராண்டுக்குக் குறைவதில்லை. நீங்கள் பி.எட். முடித்த பிறகு பேச வேண்டிய நாடு அது.

வியட்நாம்: 2023 இறுதியில் திருச்சியிலிருந்து ஹோசிமின் நகருக்கு நேரடி விமானம் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி அதிகமாக வருகிறது. பணி உரிமத்துக்குப் பட்டம், கற்பித்தல் சான்றிதழ், நன்னடத்தைச் சான்று, மருத்துவச் சான்று ஆகிய நான்கும் வேண்டும். பட்டத்துக்கும் நன்னடத்தைச் சான்றுக்கும் தூதரகச் சான்றொப்பமும் வேண்டும். ஆறு மாத வேலைக்கு அத்தனை அலைச்சல் தகாது. ஓராண்டுக்கு மேல் இருக்க எண்ணுபவர் யோசிக்கலாம்.

வீட்டிலிருந்தே சீனப் பிள்ளைகளுக்கு இணையவழியில் கற்பிப்பது: 2021 ஜூலையில் சீன அரசு வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தனிப்பயிற்சியைத் தடை செய்தபோதே அந்தச் சந்தை சரிந்துவிட்டது. அதைக் காட்டி யாராவது பயிற்சிக் கட்டணம் கேட்டால் தராதீர்கள்.

27 ஜூலை

குடவாசல்காரருக்கு ஓர் அழைப்பு வந்திருக்கிறது. நவம்பர் பருவத்துக்குத் தாய்லாந்துப் பள்ளிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் இடைநிலை நிறுவனம் ஒன்று, விசா இல்லாமல் சுற்றுலாப் பயணியாக நுழைந்துவிடுங்கள், இந்தியருக்கு இப்போது 60 நாள் அனுமதி இருக்கிறது, வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறது.

60 நாள் அனுமதி 2024 ஜூலையில் தொடங்கியது உண்மை. அதை வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தால் அது சட்டவிரோத வேலை. பிடிபட்டால் ஆசிரியருக்கு 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடு கடத்தலும். "வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்பது முதல் வாரம் சொல்லப்படுவது. நான்காம் வாரத்தில் "அடுத்த மாதம்" என்பார்கள். நான் இருந்த ஊரில் வேறொரு பள்ளியில் பணிபுரிந்த பிலிப்பைன்ஸ் ஆசிரியை ஒருவர், காவல் துறை வாகனம் தெருவில் வந்தாலே வகுப்பை விட்டுப் பின்வாசலுக்குப் போய் நிற்பார். நல்ல ஆசிரியை, என்னைவிட நன்றாகக் கற்பிப்பவர். அவருடைய ஆவணங்களைப் பள்ளி கொடுத்தபாடில்லை.

வேலைக்கான நான்-பி விசாவைப் புறப்படும் முன்பே வாங்கித் தரும் பள்ளிக்குத்தான் போக வேண்டும். 2025 ஜனவரி முதல் விண்ணப்பம் இணையவழியில்தான் என்பதால் சென்னைக்கு அலையும் செலவும் குறைந்திருக்கிறது. பள்ளியின் அழைப்புக் கடிதமும் அதன் பதிவு ஆவணங்களும் இல்லாமல் இந்த விசா கிடைக்காது. அந்த ஆவணங்களை அனுப்பத் தயங்குகிற பள்ளியிடம் அவை இல்லை என்றே கொள்ளுங்கள்.

3 ஆகஸ்ட்

சம்பளத்தைப் பற்றி இதுவரை நழுவிக்கொண்டே வந்தேன். எனக்குக் கிடைத்தது மாதம் இருபதாயிரம் பாட்டை ஒட்டிய தொகை. அறை வாடகையும் சாப்பாடும் போக, விமானச் செலவைக் கழித்தால், வீட்டுக்குக் கொண்டுவந்தது சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே வேலைக்குப் பட்டியல் நாட்டவர் முப்பதாயிரத்துக்குக் குறைந்து வருவதில்லை. இடைநிலை நிறுவனம் வழியாகப் போனால் அவர்கள் பங்கும் போகும், அக்டோபர் விடுமுறைக்கும் கோடை விடுமுறைக்கும் சம்பளம் இராது.

நிறத்தைப் பற்றியும் ஒருவர் வெளிப்படையாகக் கேட்டார், வெளிப்படையாகவே சொல்கிறேன். விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பார்கள், அது எதற்கு என்பது எல்லோருக்கும் தெரியும். தொலைபேசியில் நன்றாகப் பேசிய நிறுவனங்கள் புகைப்படம் போன பிறகு பதில் எழுதாமல் இருந்ததுண்டு. நான் பணிபுரிந்த பள்ளியிலும் முதல் சில வாரங்கள், அமெரிக்க உச்சரிப்பு ஒலிப்பதிவை முதலில் ஓட்டிவிட்டுப் பிறகு நீங்கள் சொல்லுங்கள் என்றார்கள். பிள்ளைகளுக்கு ஒலிப்பதிவின் வேகம் எட்டவில்லை, நான் நிறுத்தி நிறுத்திச் சொன்னது எட்டியது; அதன்பின் அந்தப் பெட்டியை யாரும் எடுத்து வரவில்லை. ஆனால் இந்த அனுபவம் எல்லோருக்கும் இப்படி முடியும் என்று சொல்ல மாட்டேன்.

பணத்துக்காக என்றால் போகாதீர்கள் என்று 30 மே அன்றே எழுதியிருக்கலாம். எழுதாததற்குக் காரணம், திரும்பி வந்தபின் பி.எட். கற்பித்தல் பயிற்சியில் என் வகுப்பைப் பார்த்த தலைமை ஆசிரியர் உடனே டியூஷன் எடுக்கக் கூப்பிட்டார். தமிழைத் தொடாமல் ஆங்கிலம் நடத்தும் ஆள் இங்கே குறைவு. அந்த வரவையும் தாய்லாந்துக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை.

19 ஆகஸ்ட்

குடவாசல்காரர் அந்த இடைநிலை நிறுவனத்தை விட்டுவிட்டு, நேரடியாக இரண்டு பள்ளிகளுக்கு எழுதியிருப்பதாகவும், ஒன்று பதில் தந்திருப்பதாகவும் சொல்கிறார். பதிலில் சம்பளமும் வகுப்பு எண்ணிக்கையும் இருக்கின்றன. விசாவுக்கான ஆவணங்களை யார், எப்போது அனுப்புவார்கள் என்ற விவரம் இல்லை. அதை முதலில் கேளுங்கள். விடுதி தருகிறார்களா, மார்ச் சம்பளம் முழுதாக உண்டா, ஒப்பந்தத்தை முன்கூட்டி முடித்தால் என்ன பிடித்தம் என்பவற்றையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம்.

டோயிக் தேர்வுக்கு இந்த மாதமே நாள் குறித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்து என்று முடிவானதால் தஞ்சாவூரில் நன்னடத்தைச் சான்றுக்கும் இப்போதே விண்ணப்பித்துவிடலாம். அறுபது நாளுக்குள் இவை இரண்டும் கைக்கு வராவிட்டால் நவம்பரை விட்டுவிட்டு அடுத்த மே மாதப் பருவத்துக்கு அதே பள்ளியிடம் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அப்போதும் இடம் காலியாகவே இருக்கும்.